நிலவறையில் நூல்கள்

ரொறன்ரோவிலும் அதன் சுற்றுநகரங்களிலும் வாழும் தமிழ் வாசகர்களிடம் உங்கள் நூல்கள் எங்கே இருக்கின்றன என்று கேட்டால், பலரிடமிருந்து கிடைக்கும் விடை பேஸ்மென்ட் என்பதே. ஊரிலிருந்து சுமந்து வந்தவை, சென்னையிலிருந்து தருவித்தவை, நின்றுபோன சிற்றிதழ்களின் உதிரி இதழ்கள் யாவும் அட்டைப்பெட்டிகளில் அடைபட்டு நிலவறையின் சீமெந்துத் தரையில் அமர்ந்திருக்கின்றன. மேல்தளத்தில் இடமில்லை என்பது மெய்தான். ஆயினும் இவ்வழக்கம் கைவிடப்பட வேண்டும் என்பதும், அதற்கு இணையாக நிலவறையின் ஓதத்தை நாம் சரிவர அறிந்துகொள்ள வேண்டும் என்பதும் எமது கருத்து.

நூலழிவு என்றதும் எம்மவர் நினைவில் எழுவது நெருப்பு. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அதனை மறவாதிருப்பது நம் கடமை. ஆனால் நூலுக்கு நீரும் நெருப்புக்குக் குறையாத பகை. 1966 நவம்பர் 4 அன்று ஆர்னோ ஆறு பெருகி புளோரன்ஸ் நகரை மூழ்கடித்தபோது, அங்குள்ள தேசிய மைய நூலகத்தின் கீழ்த்தளங்களில் இருந்த இலட்சக்கணக்கான நூல்கள் சேற்றில் ஊறின. அவ்வழிவு ஒரு நாளில் நிகழ்ந்தது, உலகம் கண்டது. நம் நிலவறைகளில் நிகழ்வதோ ஆண்டுக்கணக்கில், ஓசையின்றி, எவரும் கணக்கெடாமல் நிகழ்கிறது.

ஓதம் இரு வழிகளில் வருகிறது. ஒன்று, மண்ணிலிருந்து. சீமெந்துக் கலவை கல்லைப்போல் தோன்றினும் நுண்துளைகள் நிறைந்தது. ஈரமண்ணோடு ஒட்டிநிற்கும் சுவர் திரியைப்போல் நீரை உறிஞ்சும். சுவரில் வெள்ளையாக உப்புப் பூப்பது இதன் அடையாளம். மற்றது, காற்றிலிருந்து. இங்கேதான் நம் ஊர்ப் பழக்கம் நம்மை ஏமாற்றுகிறது. மக்கிய வாடை வந்தால் சன்னலைத் திறந்துவிடு என்பது வெப்ப நாட்டின் அறிவு. ரொறன்ரோவின் யூலை மாதத்தில் வெளிக்காற்று ஈரம் மிக்கது. நிலவறைச் சுவரோ குளிர்ந்தது. திறந்த சன்னல் வழியே புகும் காற்று அச்சுவரில் பட்டு வியர்வைபோல் துளிர்க்கும். துணி உலர்த்துவதும், ஆவி வெளியேறும் வழியின்றிச் சமைப்பதும் அதற்குத் துணைபோகின்றன.

இவ்விரண்டில் எது என அறிய எளிய சோதனை உண்டு. ஓரடிச் சதுரமான பொலித்தீன் தாளைச் சுவரிலோ தரையிலோ நாற்புறமும் நாடாவால் இறுக ஒட்டி இரண்டு நாட்கள் விட்டுவிடுங்கள். தாளின் உட்புறம் நனைந்திருந்தால் நீர் மண்ணிலிருந்து வருகிறது. வெளிப்புறம் நனைந்திருந்தால் காற்றிலிருந்து வருகிறது. இதை அறியாமல் பணம் செலவிடுவது வீண்.

மண்ணிலிருந்து வருவதாயின் மருந்து வீட்டுக்கு வெளியே இருக்கிறது. 100 சதுர மீற்றர் கூரையில் 25 மில்லிமீற்றர் மழை பெய்தால் 2,500 லீற்றர் நீர் இறங்குகிறது. பீலிகள் இலைகளால் அடைபட்டிருந்தாலோ, குழாய் சுவரோரத்திலேயே நீரைக் கொட்டினாலோ அவ்வளவும் அத்திவாரத்தை நாடும். பீலியைத் துப்புரவாக்குதல், குழாயைக் குறைந்தது 2 மீற்றர் தள்ளி நீட்டுதல், மண்ணை வீட்டிலிருந்து சரிந்து செல்லுமாறு நிரவுதல் ஆகிய மூன்றும் பெருஞ்செலவில்லாதவை. இவற்றுக்குப் பின்னும் ஈரம் நிற்காவிடில் வெடிப்புகளை அடைத்தல், வடிகால் அமைத்தல் என்று அடுத்தபடிக்குச் செல்லலாம். காற்றிலிருந்து வருவதாயின் டீஹியூமிடிஃபையர் உதவும். ஆனால் அது காற்றை உலர்த்துமேயன்றிச் சுவரை அடைக்காது. உட்புறம் பூசும் வண்ணமோ நோயை மறைக்கும் பூச்சு மட்டுமே. பின்னிருந்து வரும் நீர் அதனைச் சில காலத்தில் உரித்துவிடும்.

இனி நூல்களுக்கு வருவோம். காற்றின் ஈரப்பதம் 60 விழுக்காட்டைத் தாண்டி நீடித்தால் தாளில் பூஞ்சணம் பிடிக்கும் வாய்ப்பு மிகும். இராமபாணப் பூச்சியும் அவ்வீரத்தை விரும்பி வரும். சிற்றிதழ்களுக்கு இன்னொரு தீங்கும் உண்டு. அவற்றைப் பிணைத்திருக்கும் கம்பி துருவேறித் தாளை அரித்து, நடுப்பக்கங்களைக் கழன்று விழச் செய்யும். மலிந்த தாளில் அச்சாகிய அவ்விதழ்களே மறுபதிப்புக் காணாதவை என்பதை எண்ணும்போதுதான் இழப்பின் அளவு விளங்கும்.

நூல்களை மேலே கொண்டுவர இயலாதோர் ஒன்று செய்யலாம். தரையிலிருந்து ஒரு முழமேனும் உயர்ந்த, வெளிச்சுவரை ஒட்டாத இரும்புத் தட்டுகளில் அவற்றை வையுங்கள். அட்டைப்பெட்டி ஈரத்தை உறிஞ்சித் தன்னுள் வைத்துக்கொள்ளும், அதனைத் தவிர்க்கவேண்டும். 2013 யூலை 8 அன்று ரொறன்ரோவின் பியர்சன் விமான நிலையத்தில் சில மணி நேரத்தில் 126 மில்லிமீற்றர் மழை பதிவாயிற்று. 2024 யூலை 16 இலும் பெருமழை நகரை நிலைகுலையச் செய்தது. அத்தகைய நாளில் நூல்கள் நனைந்துவிட்டால் இரண்டு நாட்களுக்குள் உலர்த்தவேண்டும். முடியாதவற்றைப் பொலித்தீன் பைகளிலிட்டு, மீனுக்கும் இறைச்சிக்குமென வாங்கி வைத்திருக்கும் உறைபெட்டியில் வைத்துவிடலாம். உறைநிலையில் பூஞ்சணம் வளராது. ஓய்வாகப் பின்னர் சிலசிலவாக எடுத்து உலர்த்தலாம்.

இங்கே இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியவில்லை. இந்நகருக்கு வந்த எம்மவர் பலரின் முதல் முகவரி ஒரு நிலவறைதான். இன்று நம்மில் பலர் வீட்டுக்காரர். புதிதாக வரும் மாணவரும் அகதியும் நமது நிலவறைகளில் குடியிருக்கின்றனர். ஓதமேறிய சுவருக்கு வெள்ளையடித்து வாடகைக்கு விடும் வழக்கம் நம்மிடையே உண்டு என்பதை நாம் அறிவோம். பூஞ்சணம் மூச்சுக்குழாயையும் விடாது. ஆஸ்துமா உள்ள குழந்தைக்கு அது பெருந்துன்பம். நூலுக்கு ஆகாத அறை மனிதருக்கு ஆகும் என்று கருதுவது எந்த வாசிப்பு நமக்குக் கற்றுத்தந்த நெறி?

ஆகவே வாசக அன்பர்களிடம் நாம் வேண்டுவது இரண்டு. ஈரப்பதமானி ஒன்றை வாங்கி நிலவறையில் வையுங்கள். அதன் விலை ஒரு நாவலின் விலையை மிகாது. அரிய இதழ்கள் இருந்தால், 2005 முதல் இயங்கிவரும் நூலகம் எண்ணிம நூலகம் போன்ற முயற்சிகளுக்கு மின்வருடக் கொடுத்துதவுங்கள். தாள் ஒரு நாள் மக்கத்தான் செய்யும். அதற்குமுன் அதிலுள்ள எழுத்தை மேலே கொண்டுவந்துவிட வேண்டும்.