ஈயம் ஊற்றிய காலம் போயிற்றா?

பாகூரிலே கிடைத்த செப்பேடு ஒன்று உண்டு. பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்தது; ஒன்பதாம் நூற்றாண்டினது. பாகூரில் நடந்துவந்த கல்விச் சாலைக்கு மூன்று ஊர்களைத் தானமாக எழுதிவைத்த கதையை அது சொல்கிறது. பழம்பெருமை பேசுவோர் இதைக் கேட்டால் பூரித்துப் போவர். பூரிக்கட்டும், நாம் தடுக்கவில்லை. அந்தச் சாலையில் படித்தது யார் என்றுதான் கேட்கிறோம். அந்த மூன்று ஊர் நிலத்தை உழுதவன் படித்தானா? நாற்று நட்டவள் மகன் படித்தானா? விளைச்சல் வேதியர்க்கு, வியர்வை நம்மவர்க்கு!

அந்த வேதக் கல்வி காதால் கற்கும் கல்வி. அதற்குப் பெயரே 'சுருதி', அதாவது கேட்கப்படுவது. ஆகவே காதுக்குக் காவல் வைத்தால் போதும், கல்விக்கே காவல் வைத்தாயிற்று! வேதத்தை வேண்டுமென்றே கேட்ட சூத்திரனின் காதில் ஈயத்தையும் அரக்கையும் உருக்கி ஊற்றச் சொன்னது கவுதம தரும சூத்திரம். இது தோழர்கள் மேடைதோறும் எடுத்துக்காட்டும் செய்தி. அதே கூட்டத்தார் எழுதிவைத்த வேறொன்று அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பிறவிக் குருடர்க்கும் செவிடர்க்கும் ஊமையர்க்கும் சொத்திலே பங்கில்லை, உண்டியும் உடையும் கொடுத்தால் போதும் என்கிறது மனுநூலின் ஒன்பதாம் அத்தியாயம். அரசன் ஆலோசனை நடத்தும் வேளையில் ஊமையரையும் குருடரையும் செவிடரையும் பெண்களையும் மிலேச்சரையும் விலங்குகளையும் அப்புறப்படுத்து என்கிறது ஏழாம் அத்தியாயம். விலங்கோடு ஒரே வரிசை! முன்வினையின் எச்சத்தால்தான் இப்படிப் பிறக்கிறார்கள் என்று பதினோராம் அத்தியாயம் தீர்ப்பும் எழுதி முடித்துவிட்டது. செவிடர், ஊமையர் சொத்துரிமை மீதிருந்த அந்தத் தடையை நீக்க, பிரிட்டிஷ் இந்தியாவில் 1928ஆம் ஆண்டு தனிச்சட்டமே செய்ய வேண்டியிருந்தது.

கேட்கும் காதில் ஈயம். கேளாத காதுக்கு வினைப்பயன். இரண்டும் ஒரே உலையில் காய்ந்தவை.

அந்த உலை அணைந்துவிட்டதா? வில்லியனூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், கூப்பிட்ட குரலுக்குத் திரும்பாத பிள்ளையைப் பெற்ற தாயைக் கேளுங்கள். "அவன் அப்பனுக்கும் பேச்சு நாலு வயசிலதான் வந்துச்சு" என்பாள் பாட்டி. வேண்டுதல் ஒரு பக்கம், தாயத்து ஒரு பக்கம், நாக்கிலே தேன் தடவுதல் மற்றொரு பக்கம். மருத்துவமோ வேறு கணக்குச் சொல்கிறது: பிறந்த ஒரு திங்களுக்குள் செவிச்சோதனை, மூன்று திங்களுக்குள் குறையை உறுதி செய்தல், ஆறு திங்களுக்குள் கருவியும் பயிற்சியும். மொழியை மூளை எளிதில் வாங்கிக்கொள்ளும் பருவம் முதல் சில ஆண்டுகளே. அந்த ஆண்டுகளைத்தான் உண்டியலில் போடுகிறோம்! அக்காள் மகளை மாமன் மணப்பது போன்ற நெருங்கிய உறவுத் திருமணங்களில் பிறவிச் செவிக்குறை மிகுதி என்று மருத்துவர்கள் பன்னெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். சொத்து வெளியே போகக்கூடாது என்பவர்கள் காதில் அதுவும் விழவில்லை.

சரி, பிள்ளை ஐந்து வயதைக் கடந்துவிட்டது. பள்ளி எங்கே? அரசின் சிறப்புப் பள்ளி பிள்ளைச்சாவடியில் இருக்கிறது. பாகூர் தெற்கே, பிள்ளைச்சாவடி நகரத்தையும் தாண்டி வடக்கே. கூலி வேலைக்குப் போகும் தாய் நாள்தோறும் பிள்ளையை அழைத்துச் சென்று திரும்ப முடியுமா? ஆறு வயதுப் பிள்ளையைப் பிரிந்து விடுதியில் விட மனம் வருமா? 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், சட்டம் வரையறுத்த அளவுக்குக் குறையுள்ள பிள்ளைகள் ஆறு வயது முதல் பதினெட்டு வரை அருகமைப் பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ தம் விருப்பப்படி இலவசமாகப் படிக்கலாம் என்கிறது. விருப்பமாம்! ஒரு வழியைத் தூரத்தில் வைத்து, மறு வழியை வெறுமையாய் வைத்துவிட்டு, எது வேண்டும் என்று கேட்பது விருப்பமா?

வெறுமை என்று ஏன் சொல்கிறோம்? ஊர்த் தொடக்கப் பள்ளியிலே பெயரைப் பதிந்துகொள்வார்கள், மறுக்கமாட்டார்கள். மறுத்தால் சட்டம் கேட்கும். பெயர் பதிவேட்டில் ஏறும், மதிய உணவு தட்டில் விழும், பிள்ளை கடைசி வரிசையில் உட்காரும். ஆசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பியபடி பாடம் சொல்வார். உதட்டைப் பார்க்கவும் வழியில்லை. காதுக் கருவி கொடுத்தோமே என்பர் அதிகாரிகள். கருவி எல்லா ஓசையையும் சேர்த்தே பெருக்கும். மின்விசிறி இரைச்சலும் பக்கத்து வகுப்பின் கூச்சலும் தகரக் கூரையில் பெய்யும் மழையும் ஆசிரியர் குரலோடு கலந்து வரும். பிள்ளை வளர வளரக் காது அச்சை மாற்ற வேண்டும். மின்கலம் தீரத் தீர வாங்க வேண்டும். மாற்றவும் வாங்கவும் ஆளில்லாமற் போனால் கருவி அலமாரியில் தூங்கும். சோறு உண்டு, இடம் உண்டு, பாடத்தில் பங்கு மட்டும் இல்லை! மனு சொன்னதற்கும் இதற்கும் எவ்வளவு தொலைவு என்று தோழர்களே அளந்து பார்க்கட்டும்.

"பேசப் பழக்குங்கள், சைகையைக் கற்பித்தால் பேச்சு வராது" என்பாரும் உளர். இந்த வாதம் பழையது. 1880இல் இத்தாலியின் மிலான் நகரில் ஆசிரியர்கள் மாநாடு கூட்டி, காது கேளாதோர் பள்ளிகளிலிருந்து சைகை மொழியை விலக்கித் தீர்மானம் போட்டார்கள். வாக்களித்தவர்களில் ஏறக்குறைய எல்லாரும் காது கேட்பவர்கள்! எவருடைய மொழியோ அவர்களைக் கேளாமலே முடிவு செய்தார்கள். அந்தத் தீர்மானங்களைத் தள்ளிவைத்து வருத்தம் தெரிவிக்க, 2010இல் வான்கூவரில் கூடிய மாநாடு வரை, 130 ஆண்டுகள் ஆயின. பேச்சு வரும் பிள்ளைக்குப் பேச்சும் கொடுங்கள். வேண்டாம் என்று யார் சொன்னது? சைகை கற்றதால் பேச்சு கெடும் என்பதற்குச் சான்று இல்லை. மொழியே இல்லாமல் வளர்த்தால் அறிவு வாடும் என்பதற்கோ ஏராளம்.

1938லும் 1965லும் நாம் தெருவுக்கு வந்தது எதற்காக? நமக்கு எது மொழி என்பதை வேறெவரும் முடிவு செய்யக்கூடாது என்பதற்காகத்தானே? கைகளால் பேசுகிறவனுக்கு மட்டும் அந்த நியாயம் பொருந்தாதா? 2011 கணக்கெடுப்பின்படி இந்நாட்டில் செவிக்குறை உள்ளோர் ஐம்பது இலட்சத்திற்கும் மேல். சைகைக்கு இலக்கணம் உண்டு. அகராதியும் 2018இல் மூவாயிரம் சொற்களோடு வெளிவந்து, 2021இல் பத்தாயிரமாக வளர்ந்தது. ஆனாலும் நம் மேடைப் பேச்சாளர்களிற் சிலர், ஆளவந்தாரைத் தாக்கும் ஆவேசத்தில், 'செவிடன் காதில் ஊதிய சங்கு' என்று முழங்குகிறார்கள்; கைதட்டலும் விழுகிறது. ஊதியவன் மீது குற்றமில்லையாம், கேளாதவன் மீதுதான் குற்றமாம்! சங்கை எடுத்துப் போனவன் ஒரு விளக்கை எடுத்துப் போயிருக்கக் கூடாதா?

கேட்பது பெரிய காரியமன்று. வில்லியனூர், பாகூர், அரியாங்குப்பம், நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டு ஆகிய ஐந்து கொம்யூன்களிலும் தலைக்கு ஒரு தொடக்கப் பள்ளியைத் தேர்ந்தெடுங்கள். அந்தந்தக் கொம்யூனின் காது கேளாத பிள்ளைகளை அங்கே சேருங்கள். ஊருக்கு ஒருவராய்த் தனித்துக் கிடந்தால் யாரோடு பேசுவார்கள்? வண்டி விடுங்கள். கேட்கும் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் அமர்த்தி, இரு சாராருக்கும் சைகை மொழி கற்பியுங்கள். கேட்கும் பிள்ளைகள் விளையாட்டாகவே பிடித்துக்கொள்வர். பெரியவர்களுக்குத்தான் கை மடங்காது. ஆசிரியர்களாகக் காது கேளாதோரையும் அமர்த்துங்கள். சைகை மொழித் தகுதி பெற்ற ஆசிரியர்களை, மாற்றுத்திறனாளிகள் உட்பட, பயிற்றுவித்துப் பணியமர்த்த வேண்டும் என்று அந்த 2016ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது.

இளைஞர் மன்றத் தோழர்கள் இந்தத் திங்களே தத்தம் ஊர்ப் பள்ளிக்குச் செல்லட்டும். காது கேளாத பிள்ளைகள் எத்தனை பேர், கருவி வேலை செய்வது எத்தனை பேருக்கு, சைகை மொழி அறிந்த ஆசிரியர் எத்தனை பேர் என்று கேட்டுக் குறித்துக்கொண்டு வரட்டும். பதில் தரத் தயங்கினால், தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 முதல் இருக்கிறது. பத்து ரூபாய் கட்டணம். ஊர்வாரியாக அந்தப் பட்டியலை இவ்விதழில் வெளியிடுவோம்.