காய்ச்சல் வந்தால் பள்ளிக்குப் பூட்டா?

நோய் வருவதும் இயற்கை. நோயைக் கண்டு மக்கள் அஞ்சுவதும் இயற்கை. ஆனால், அச்சம் வந்தவுடன் முதற்பூட்டு எந்தக் கதவில் தொங்குகின்றது என்பதைக் கொண்டு, ஒரு குமுகாயம் எதனை உயிராகக் கருதுகின்றது, எதனை இழந்தாலும் தாழ்வில்லை என்று எண்ணுகின்றது என்பதை அளந்துவிடலாம். 2022ஆம் ஆண்டு (தி.ஆ. 2053) செபுதம்பரிலும், 2023ஆம் ஆண்டு (தி.ஆ. 2054) மார்ச்சிலும் பருவக்காய்ச்சல் பரவியபொழுது, தமிழ்மண்ணில் ஓங்கி எழுந்த குரல், ‘பள்ளிகளை மூடுக!’ என்பதே. ஆலைகளை மூடுக என்றோ, மதுக்கடைகளை மூடுக என்றோ, திரையரங்குகளை மூடுக என்றோ அத்துணை வலிந்து எவரும் கேட்டிலர். நெரிசலில் பரவும் நோய்க்குப் பள்ளி ஒன்றுதானா நெரிசல்?

நடந்தவற்றை முதற்கண் வரிசைப்படுத்திக் காண்பது நன்று. 2022 செபுதம்பரில் சிறுவரிடையே காய்ச்சல் மிகுந்தது. புதுவை அரசு, ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளுக்கு அம்மாதம் 17 முதல் 25 வரை விடுமுறை அளித்தது. தமிழ்நாட்டிலும் அவ்வாறே செய்க என்று அரசியல் தலைவர் சிலர் அறிக்கை விடுத்தனர். நலவாழ்வுத் துறை அமைச்சர் மா. சுப்பிரமணியன் அதற்குத் தேவை எழவில்லை என்று மறுத்தார். அடுத்த ஆண்டு மார்ச்சில் ‘எச்.3 என்.2’ என்னும் பெயர் செய்தித்தாள்களை நிறைத்தது. கருநாடகத்தின் ஆசன் மாவட்டத்தில் முதியவர் ஒருவர் அந்நோயால் இறந்த செய்தி மார்ச்சு 10ஆம் நாள் வெளிவந்தது. புதுவை அரசு மீண்டும் எட்டாம் வகுப்பு வரை மார்ச்சு 16 முதல் 26 வரை பள்ளிகளை மூடியது. தமிழ்நாட்டரசோ மார்ச்சு 10ஆம் நாள் 1,000 இடங்களில் காய்ச்சல் முகாம்கள் நடத்தியது, பள்ளிகளை மூடவில்லை. அம்முடிவைக் குறைகூறியோர் பலர். உண்மையில் அது சரியான முடிவே என்பதைப் பிற எவ்விடத்தையும்விடத் தெளிவாக உணர்த்தவல்லது ஓசூர், கிருட்டிணகிரி எல்லைப் பகுதியாகும்.

ஓசூர் தமிழகத்தின் வடமேற்கு வாயில். சூசூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, அது கருநாடகம். சரக்குந்தும் இருசக்கர உந்தும் கைக்கடிகையும் செய்யும் பேராலைகள் இங்குள்ளன. அவற்றுக்கு உறுப்புகள் செய்து தரும் சிறு பட்டறைகள் எண்ணிறந்தன. தளிப் பக்கம் முளரித் தோட்டங்கள். பர்கூர்ப் பக்கம் கருங்கல் அறுக்கும் கூடங்கள். வேலை தேடி வந்தோரும், எல்லை கடந்து பெங்களூர் சென்று மீள்வோருமாக ஓயாது மக்கள் நடமாடும் நிலம் இது. பெங்களூரிற் பிறக்கும் புரளி, அங்கிருந்து புறப்படும் பேருந்தினும் முந்தி ஓசூர் வந்து சேர்கின்றது. ஆசனில் ஓர் இறப்பென்றால், அதனைக் கைப்பேசியிற் படித்த பெற்றோர், தம் பிள்ளை படிக்கும் பள்ளியை நோக்கி அஞ்சுவது இங்கு வியப்பன்று.

அவ்வச்சத்தைப் பழிப்பதாற் பயனில்லை. அவ்வச்சத்தின் வேர் எது என்பதே காணத்தக்கது. ‘எச்.3 என்.2’ என்று கேட்ட தாய்க்கு என்ன விளங்கும்? ஏதோ புதுப்பேய் வந்துவிட்டதென்றே தோன்றும். அதன் பொருளை அவளுடைய தாய்மொழியில் எடுத்துச் சொல்லியிருந்தால், அவள் அச்சத்திற் பாதி அப்பொழுதே அகன்றிருக்கும். சளிக்காய்ச்சலை உண்டாக்கும் தீநுண்மியின் மேலுறையில் இருவகைப் புரதங்கள் முள்போல் நீட்டிக்கொண்டிருக்கின்றன. ஒன்று, மூச்சுக்குழலின் உயிரணுவைப் பற்றிக்கொண்டு உள்ளே நுழைய உதவுவது. மற்றொன்று, உள்ளே பெருகிய தீநுண்மிகள் வெளியேறுதற்குக் கட்டறுத்து விடுவது. முன்னதற்கு ‘எச்’ என்றும் பின்னதற்கு ‘என்’ என்றும் குறியிட்டு, அவற்றின் வகைக்கேற்ப எண்ணும் இட்டனர். இவ்வளவே அப்பெயரின் மறைபொருள்! அவ்வகைத் தீநுண்மி புதியதுமன்று. 1968ஆம் ஆண்டு ஆங்காங்குக் காய்ச்சல் என உலகெங்கும் பரவியது அதுவே. அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பருவந்தோறும் சிறுசிறு மாற்றங்களுடன் வந்து போய்க்கொண்டிருப்பது.

அக்காய்ச்சல் பெரும்பாலார்க்குச் சில நாள்களில் தணியும். இருமல் மட்டும் மூன்று கிழமை வரை நீளலாம். முதியோர்க்கும், கைக்குழந்தைகட்கும், கருவுற்றோர்க்கும், நெஞ்சக நோய், நீரிழிவு முதலியன உடையார்க்கும் அது கேடு செய்யக்கூடும். அவர்கள் காலந்தாழ்த்தாது மருத்துவரை நாட வேண்டும். தீநுண்மியால் வரும் காய்ச்சலுக்கு நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் பயன்படா. அவற்றைக் கண்டவாறு விழுங்க வேண்டா என்று இந்திய மருத்துவக் கழகம் 2023 மார்ச்சில் எச்சரித்தது. அவ்வெச்சரிக்கை எத்துணைத் தமிழ்க் குடிசைகளை எட்டியது? எட்டியவிடத்தும் எம்மொழியில் எட்டியது? ‘வைரல் பீவர்’, ‘ஆண்ட்டிபயாட்டிக்’, ‘பாசிட்டிவ்’, ‘குவாரண்டைன்’ என்னும் சொற்களை அப்படியே தமிழெழுத்தில் வரைந்து சுவரில் ஒட்டிவிட்டால், அது தமிழறிவிப்பு ஆகிவிடுமா? புரியாத சொல்லால் எச்சரிப்பது, எச்சரிக்கையன்று, மிரட்டல். மிரண்ட மக்கள் மருந்துக்கடைக்கு ஓடுவதும், புரளிக்குச் செவிசாய்ப்பதும், பள்ளியைப் பூட்டச் சொல்வதும் அம்மிரட்டலின் விளைவுகளே.

இவ்வெல்லை நிலத்துக்குத் தொற்றுநோய் புதிதன்று. 1898ஆம் ஆண்டு பெங்களூரில் கொள்ளைநோய் புகுந்தபொழுது மக்கள் ஊரைவிட்டு ஓடினர். நோயின் பெயரையே அம்மனுக்குச் சூட்டிக் கோயில் எடுத்தனர். 1918ஆம் ஆண்டின் சளிக்காய்ச்சலோ இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அற்றை மக்களுக்கு நோயின் முதல் எதுவென்று தெரியாது, தீநுண்மியைக் கண்ணாற் காட்டும் கருவியும் இல்லை, சளிக்காய்ச்சலுக்குத் தடுப்பூசியும் இல்லை. ஆதலின், அவர்கள் அஞ்சி ஓடியதில் குற்றமில்லை. இவையனைத்தும் இருந்தும் இற்றைத் தமிழன் அதே இருளில் அஞ்சுகின்றான் எனில், குற்றம் அறிவியலினதன்று. அறிவியலை அவன் மொழியில் அவனுக்குக் கொண்டுவந்து தராதவர்களுடையது.

பள்ளியை மூடுவது எக்காலத்தும் தவறு என்பதன்று. சிறுவர்கள் சளிக்காய்ச்சலை விரைந்து பரப்ப வல்லவர்கள். நோய் ஊருக்குள் புகுந்த தொடக்கத்திலேயே மூடினால் பரவலின் விரைவு குறையும் என்பது மருத்துவ ஆய்வாளர் ஒப்பும் உண்மை. 2009ஆம் ஆண்டு பன்றிக்காய்ச்சல் புதிதாய்ப் பரவியபொழுது, அதன் இயல்பு முழுதும் தெரியாத நிலையில், புனேயிலும் மும்பையிலும் பள்ளிகளை மூடியதில் பொருளிருந்தது. ஆனால், வீடுகளிலும் ஆலைகளிலும் பேருந்துகளிலும் ஏற்கெனவே பரவிவிட்ட, இயல்பு நன்கறியப்பட்ட ஒரு பருவக்காய்ச்சலுக்குப் பத்து நாள் பள்ளியை மட்டும் பூட்டுவது, கரையுடைந்த ஏரிக்கு மதகடைப்பது போன்றதே. தந்தை நெரிசற் பேருந்தில் ஆலைக்குப் போய் மீள, அவன் பிள்ளை மட்டும் பள்ளிக்குப் போகாதிருந்தால், நோய் அவ்வீட்டுப் படியேறாதா?

இனி, பூட்டிய பள்ளியால் விளைந்த கேட்டினை எண்ணுக. 2020 ஏப்பிரல் இறுதியில் நடுவணரசு வகுத்த கொரோனாத்தொற்றுப் பட்டியலில், தமிழ்நாட்டிலேயே பச்சை மண்டலமாக விளங்கிய ஒரே மாவட்டம் கிருட்டிணகிரி. அம்மாவட்டத்திலும் பிற மாவட்டங்களைப் போன்றே பள்ளிகள் பூட்டிக் கிடந்தன. பின்னர் ஆலைகள் படிப்படியாகத் திறந்தன, கடைகள் திறந்தன, மதுக்கடைகளும் திறந்தன. 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகளோ 2021 நவம்பர் முதல் நாள்தான் திறந்தன. ஏறத்தாழ 19 மாதங்கள்! பொறி செய்யும் கூடத்துக்கு இருந்த விரைவு, மாந்தனைச் செய்யும் கூடத்துக்கு இல்லை.

அதன் விளைவு பின்னர் வெளிப்பட்டது. நாடெங்கும் ஊர்ப்புறச் சிறார்களின் கல்விநிலையை ஆராய்ந்து 2023 சனவரியில் வெளிவந்த ‘ஏசர்’ அறிக்கை, தமிழ்நாட்டில் மூன்றாம் வகுப்பு மாணவருள் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க வல்லார் 2018இல் நூற்றுக்கு ஏறத்தாழப் பதின்மராய் இருந்து, 2022இல் ஏறத்தாழ ஐவராய்க் குறைந்தனர் என்று காட்டியது. மீண்டும் அதே 2023 மார்ச்சு! காய்ச்சலுக்காகப் பள்ளிகளை மூடுக என்னும் கூக்குரல் எழுந்த அதே கிழமையில், மார்ச்சு 13ஆம் நாள், தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்பு மொழிப்பாடத் தேர்வு நடந்தது. அத்தேர்வுக்கு வாராதோர் 50 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர். கொரோனாக் காலத்தில் பள்ளியை விட்டு நின்று, பெயர் மட்டும் பதிவேட்டில் தங்கியிருந்தோர் அவருள் இருந்தனர் என்பது அப்பொழுது கூறப்பட்ட விளக்கங்களுள் ஒன்று. முன்னைப் பூட்டின் அறுவடை கண்முன் கிடக்கும்பொழுதே, அடுத்த பூட்டைக் கேட்ட அறியாமையை என்னென்பது!

இவ்விழப்பு எல்லார்க்கும் ஒருதன்மைத்தன்று. பணம் படைத்தோர் வீட்டுப் பிள்ளைக்குத் தனியறையும், கணிப்பொறியும், தனிப்பயிற்சி ஆசிரியரும் உண்டு. அவன் பள்ளி மூடினாலும் அவன் கல்வி மூடுவதில்லை. ஓசூர்ப் பட்டறையில் ஒப்பந்தக் கூலியாக உழைப்பவளின் பிள்ளைக்கு, பள்ளியே படிக்கும் அறை, பள்ளியே விளையாடும் வெளி, பள்ளியே உணவுக்கூடம். தமிழ்நாட்டரசு காலையுணவுத் திட்டத்தை மதுரையில் தொடங்கியது 2022 செபுதம்பர் 15ஆம் நாள். முதற்கட்டமாக 1,545 பள்ளிகளில் ஓரிலக்கத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகட்குக் காலையுணவு கிடைத்தது. அத்திட்டத்தின் அடுப்பு மூட்டிய அதே கிழமையில்தான் பள்ளிகளை மூடச்சொல்லும் அறிக்கைகளும் வந்தன. மூடியிருந்தால் முதலில் அவிந்திருப்பது அவ்வடுப்பே! அன்றியும், பள்ளியின்றி வீட்டில் நிற்கும் சிறுமிக்கு மணம் பேசிவிடும் கொடுவழக்கம் முற்றும் ஒழியாத மாவட்டம் கிருட்டிணகிரி. அங்கே பள்ளிக்கதவு திறந்திருப்பது அச்சிறுமிக்கு அரணாகும்.

எல்லாவற்றினும் மேலாக, எல்லையில் மொழி நிற்பது பள்ளியின் தோளில். ஓசூர்ப் பகுதியின் தெருக்களில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் கலந்து ஒலிக்கின்றன. வடபுலத்திலிருந்து பிழைக்க வந்தோரின் இந்தியும் ஒலிக்கின்றது. வீட்டில் எம்மொழி பேசும் பிள்ளையும் தமிழ் கற்க வேண்டும் என்பது 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டத்தின் நோக்கம். தெலுங்கோ கன்னடமோ பேசும் உழைப்பாளியின் பிள்ளைக்குத் தமிழெழுத்துக் கிடைக்குமிடம் பள்ளி ஒன்றே. தமிழ்பேசும் வீட்டிலும் தாயும் தந்தையும் பகலெல்லாம் ஆலையில் இருப்பாராயின், அப்பிள்ளைக்கும் எழுத்துத்தமிழ் தருவது பள்ளியே. பள்ளி மூடினால் அப்பிள்ளை கைப்பேசித் திரையிடம் ஒப்படைக்கப்படுகின்றான். அத்திரை அவனுக்கு எதனைக் கற்பிக்கும்? கொச்சை ஆங்கிலமும் கலப்புமொழியுமே. சென்னையில் ஒரு பள்ளி மூடினால் அப்பள்ளி மட்டுமே மூடும். எல்லையில் ஒரு தமிழ்ப்பள்ளி மூடினால், தமிழின் எல்லையே அவ்வளவுக்கு உள்வாங்குகின்றது.

அவ்வாறெனின் காய்ச்சலுற்ற பிள்ளையை என்செய்வது? வீட்டில் இருத்துக, பள்ளியைப் பூட்டற்க. காய்ச்சல் தணிந்து ஒரு நாளேனும் ஆன பின்னரே அனுப்புக. ஆனால், இவ்வெளிய நெறியைக் கடைப்பிடிக்க இயலாமற் செய்வது வறுமை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று தாய் ஒருநாள் வீட்டில் நின்றால், அவளுக்கு அன்றைக் கூலியில்லை. தொழிலாளர் ஈட்டுறுதித் திட்டம், அதிற் பதிந்த தொழிலாளி தானே நோயுற்றால் கூலியில் ஒரு பகுதியைத் தருகின்றது. அவள் பிள்ளை நோயுற்றால் அக்கூலியைத் தருவதில்லை. ஆகவே, காய்ச்சலோடு பிள்ளையைப் பள்ளிக்கனுப்பும் தாய் அறியாதவள் அல்லள், வழியில்லாதவள். பள்ளியைப் பூட்டுவது அவளுக்கு உதவியா? அன்று. ஒரு நாட்கூலியை இழக்க அஞ்சியவளைப் பத்து நாட்கூலியை இழக்கச் செய்வதே அது. நோயுற்ற பிள்ளையைப் பேணுதற்குக் கூலியோடு கூடிய விடுப்பு வேண்டும் என்று தொழிற்சங்கங்கள் கேட்டிருக்க வேண்டும். பள்ளியை மூடுக என்று முழங்கியோருள் எத்துணைப் பேர் அதற்கு வாய்திறந்தனர்?

அரசு செய்ய வேண்டுவனவும் அரியவை அல்ல. வகுப்பறைப் பலகணிகள் திறந்திருக்க வேண்டும். கைகழுவ நீரும் வழலையும் ஒவ்வொரு பள்ளியிலும் குறைவின்றி இருக்க வேண்டும். காய்ச்சற் பருவம் வருமுன்னரே, நோயின் இயல்பும் அறிகுறியும் காப்பும் நல்ல தமிழில், ஒவ்வோர் ஊரிலும் ஒவ்வோர் ஆலை வாயிலிலும் எழுதி வைக்கப்பட வேண்டும். மூடியே தீரவேண்டிய கொடிய தொற்று வருமாயின், நோயுள்ள வட்டாரத்தில் மட்டும் மூடுக, நாள்வரம்பிட்டு மூடுக, உணவு நிற்காமல் மூடுக, எழுத்து நிற்காமல் மூடுக. 2021 அகுதோபரில் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’, பள்ளிக்கு வரமுடியாத பிள்ளையிடம் கல்வியைக் கொண்டுசெல்ல முடியும் என்பதைக் காட்டியது. ஆனால், அது பூட்டிய பின்னர் வந்த மருந்து. பூட்டும் நாளிலேயே கையில் இருக்க வேண்டிய மருந்து அது.

தமிழர் எண்ணிப் பார்க்க வேண்டும். காய்ச்சல் பருவந்தோறும் வரும், போகும். புதுப்பெயரிட்டு வரும், அச்சத்தை ஏவிவிட்டு வரும். அப்பெயரைக் கண்டு நடுங்காதிருக்க அறிவு வேண்டும். அவ்வறிவு தாய்மொழியில் வேண்டும். அத்தாய்மொழி அறிவு தழைக்கப் பள்ளி வேண்டும். காய்ச்சலுக்கு அஞ்சிப் பள்ளியைப் பூட்டும் குமுகாயம், அடுத்த காய்ச்சலுக்கு இன்னும் மிகுதியாக அஞ்சும் தலைமுறையையே வளர்த்தெடுக்கும். எல்லையில் எரியும் விளக்கைக் காற்றுக்கு அஞ்சித் தாமே அணைத்துவிட்டு இருளில் அமர்வது அறிவுடைமை ஆகாது. கைகொண்டு மறைத்துக் காப்பதே அறிவுடைமை. தமிழர் கடனும் அதுவே!