ஐயத்திற்கு ஒரு கட்டம்

எங்கள் கல்லூரி நூலகத்தின் பழைய தமிழ் நூல்களைக் கணினியில் பட்டியலிடும் பணியைச் சில ஆண்டுகளுக்கு முன் முதுகலை மாணவர்களிடம் ஒப்படைத்திருந்தோம். பணி முடியும் தறுவாயில் பட்டியலைப் பார்வையிட்டபோது, நம்பமுடியாத அளவுக்கு நூல்கள் 1900ஆம் ஆண்டில் வெளிவந்திருப்பதைக் கண்டேன். முகப்பேடு கிழிந்தவை, 'சர்வஜித்து வருஷம்' என்று மட்டும் அச்சிட்டவை, ஆண்டே குறிக்காத பெரிய எழுத்துக் கதைகள் யாவும் ஒரே ஆண்டில் பிறந்திருந்தன. விசாரித்தேன். "ஆண்டு போடலைன்னா சேமிக்க மாட்டேங்குது ஐயா. எழுத்துல போட்டா தரவு வகை தவறுன்னு வருது. 1900ன்னு போட்டா ஏத்துக்குது" என்றார் ஒரு மாணவர்.

கணினியைக் குறைகூற நான் முன்வரமாட்டேன். நிரலில் ஒரு நூல் என்பது ஒரு பொருள். தலைப்பு, ஆசிரியர், ஆண்டு என்பன அதன் பண்புகள். தலைப்பு எழுத்துத் தொடராகவும் ஆண்டு முழு எண்ணாகவும் இருக்கவேண்டும் என்று நிரலை எழுதியவர் வகுத்திருக்கிறார். எண்ணை எதிர்பார்த்த இடத்தில் 'சர்வஜித்து' வந்தால் நிரல் மறுக்கிறது. இலக்கணம் பயின்றவர்களுக்கு இது புதிதன்று. 'அவன் வந்தது' என்று எழுதினால் திணை வழு என்று நாம் சிவப்பு மையால் சுழிப்பதில்லையா? கணினியும் அதைத்தான் செய்கிறது.

இத்தகைய பிழைச்செய்தி வந்தால் முதலில் அதை முழுமையாகப் படிக்கவேண்டும். எந்தப் பண்பில் பிழை, எந்த வகை எதிர்பார்க்கப்பட்டது, வந்து சேர்ந்தது எது என்ற மூன்றையும் பெரும்பாலும் அதுவே சொல்லிவிடும். பிறகு படிவம், நிரலிலுள்ள பொருள், தரவுத்தள அட்டவணை ஆகிய மூன்று இடங்களிலும் அந்த மதிப்பு என்ன வகையில் இருக்கிறது என்று வரிசையாகப் பார்க்கவேண்டும். இணையப் படிவத்தில் தட்டச்சு செய்வது எண்ணானாலும் எழுத்துத் தொடராகவே நிரலை வந்தடைகிறது. நிரப்பாத கட்டம்கூட 'ஒன்றுமில்லை' என்று வருவதில்லை. வெற்றுத் தொடராக வருகிறது. அதை எண் கட்டத்தில் இட்டால் கண்டிப்பான தரவுத்தளங்கள் மறுத்துவிடும்.

தமிழ் எண்களில் ஒரு நுட்பம் உண்டு. ௧௮௮௭ என்று எழுதினால் பைத்தான் மொழி அதை 1887 என்று சரியாகவே மாற்றிக்கொள்ளும். பழைய முறைப்படி ௲௮௱௮௰௭ என்று எழுதினால் மறுக்கும். பத்து, நூறு, ஆயிரம் ஆகிய குறிகள் யூனிகோடில் பதின்ம இலக்கங்களாக வகைப்படுத்தப்படவில்லை என்பதே காரணம். பெயரில் 'எண்' இருப்பதெல்லாம் எண் வகையும் அன்று. பத்திலக்க ஐஎஸ்பிஎன்னின் கடைசி இடத்தில் 'எக்ஸ்' என்ற எழுத்து வரலாம். முதலிடத்தில் சுழியம் வரலாம். எண்ணாகச் சேமிக்க முயன்றால் முன்னது பிழை தரும். பின்னது சத்தமின்றிக் காணாமற்போகும்.

சத்தமின்றி நிகழ்வதே எனக்கு அச்சம் தருகிறது. மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் கண்டிப்பு முறையில் இயங்காதபோது, எண் கட்டத்தில் 'சர்வஜித்து' என்று இட்டால் ஓர் எச்சரிக்கையோடு 0 என்று பதிந்துகொள்ளும். 2015இல் வெளிவந்த 5.7 பதிப்பிலிருந்துதான் கண்டிப்பு முறை இயல்பாக்கப்பட்டது. எக்செல்லின் கதை இன்னும் விசித்திரமானது. 'செப்ட்2' என்ற மரபணுக் குறியீட்டை அது செப்டம்பர் 2 என்ற தேதியாக மாற்றிவிடும். ஆய்வுக் கட்டுரைகளின் தரவுகளில் இப்பிழை பரவியது. இறுதியில் 2020இல் மரபணுப் பெயரிடும் குழு 'செப்டின்2' என்று பெயரையே மாற்றிவிட்டது. கருவிக்காகப் பெயர் வளைந்துகொடுத்தது. இந்தத் தானியங்கி மாற்றத்தை நிறுத்தும் வசதியை எக்செல் 2023இல்தான் அளித்தது. எங்கள் மாணவர்களும் கருவிக்காக உண்மையை வளைத்தார்கள், அவ்வளவுதான்.

நம் இலக்கணிகள் வழுவைச் சொன்னதோடு நிற்கவில்லை; வழுவமைதியும் சொன்னார்கள். அதைவிட எனக்கு வியப்பளிப்பது ஐயம் பற்றிய விதி. தொலைவில் தெரிவது மரக்கட்டையா, மனிதனா என்று துணியமுடியாதபோது உயர்திணை என்றோ அஃறிணை என்றோ வலிந்து சொல்லாதே, 'உருவு' போன்ற பொதுச்சொல்லால் சொல் என்கிறது தொல்காப்பியக் கிளவியாக்கம். ஐயத்தை ஐயமாகவே சொல்ல மொழியில் இடம் இருக்கிறது. எங்கள் 'ஆண்டு' கட்டத்தில் அந்த இடம் இல்லை.

நூலகவியலார் இதை அறிந்தவர்கள். மார்க் 21 பட்டியல் முறையில், 1880களில் வந்த நூல் என்று மட்டும் தெரிந்தால் 188 என்று எழுதி, தெரியாத இலக்கத்தின் இடத்தில் 'யு' என்ற எழுத்தை இடுவார்கள். ஐஎஸ்ஓ 8601 தரத்தின் 2019ஆம் ஆண்டு இரண்டாம் பகுதி, ஐயத்திற்குரிய ஆண்டின் பின்னால் கேள்விக்குறி இடவும் வழிசெய்கிறது.

நாங்கள் கட்டத்தை மூன்றாகப் பிரித்தோம். நூலில் அச்சிட்டிருப்பது அப்படியே எழுத்துத் தொடராக ஒன்று. மிக முந்தைய ஆண்டு, மிகப் பிந்தைய ஆண்டு என்று எண்களாக இரண்டு. இவ்விரண்டும் வெறுமையாக இருக்க அனுமதி உண்டு. சர்வஜித்து 1887இலும் தொடங்கியது, 1947இலும் தொடங்கியது. ஒவ்வொன்றும் ஏப்ரலில் தொடங்கி அடுத்த ஆங்கில ஆண்டுக்குள் நீளும். தாளையும் எழுத்துருவையும் பார்த்து முடிவுசெய்ய முடிந்தால் முடிவுசெய்வோம், இல்லையேல் இரு எல்லைகளையும் விட்டுவைப்போம்.

ஆனால் பழைய 1900களை முழுதும் திருத்த முடியவில்லை. உண்மையாகவே 1900இல் வந்த நூல்களும் அவற்றுள் கலந்திருந்தன. நூலைக் கையில் எடுத்துப் பார்த்தாலன்றி எது மெய், எது பொய் என்று தெரியாது. சில நூல்கள் அதற்குள் பொடிந்துவிட்டன. ஓர் ஆய்வேட்டில் எங்கள் பட்டியலை நம்பி '1900ஆம் ஆண்டுப் பதிப்பு' என்று மேற்கோள் காட்டியிருப்பதையும் பார்த்தேன். அதை எழுதிய மாணவரிடம் நான் என்ன சொல்வது?

பிழைச்செய்தி வரும்போது எரிச்சல் வருவது இயல்பு. ஆனால் அதை மறையச் செய்வது வேறு, தீர்ப்பது வேறு. மதிப்பு தவறா, வகை தவறா என்று கேட்கவேண்டும். மதிப்பு சரியென்றால் மாறவேண்டியது கட்டம்தான், நூல் அன்று.