ஆட்சியரின் இரண்டு கையெழுத்துகள்

தஞ்சாவூர் ஆட்சியர் அலுவலகத்தில் மாதாமாதம் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்குத் திருவையாற்றுப் பக்கத்திலிருந்து போகிறவர்கள் பெரும்பாலும் வெறும் கையோடு போவதில்லை. கொள்முதல் நிலைய வாசலில் மழையில் நனைந்து முளைவிட்ட நெல்லை ஒருவர் துண்டில் முடிந்து எடுத்துப் போவார். காற்றில் சாய்ந்த வாழைக்கு இழப்பீடு கேட்டு இன்னொருவர் பிஞ்சுத் தாரோடு வரிசையில் நிற்பார். ஆட்சியர் மனுவை வாங்கி, ஓரத்தில் இரண்டு வரி எழுதி, கையெழுத்துப் போட்டுப் பக்கத்திலிருக்கும் அதிகாரியிடம் தள்ளுவார். டெல்டாக்காரருக்கு அரசாங்கம் என்றால் அந்தக் கையெழுத்துதான்.

அதே பேனாவுக்கு இன்னொரு வேலையும் உண்டு. 1982ஆம் ஆண்டின் தமிழ்நாடு 14ஆம் எண் சட்டம், ஊர்வழக்கில் ‘குண்டாஸ்’, தடுப்புக் காவல் ஆணை போடும் அதிகாரத்தை மாநகரங்களில் போலீஸ் கமிஷனருக்கும் மாவட்டங்களில் ஆட்சியருக்கும் கொடுக்க வழி செய்திருக்கிறது. குற்றப்பத்திரிகை தேவையில்லை. சாட்சி, குறுக்கு விசாரணை, தீர்ப்பு எதுவும் தேவையில்லை. இந்த ஆள் வெளியில் இருந்தால் பொது ஒழுங்குக்குக் குந்தகம் என்று ஆட்சியர் திருப்தியடைந்துவிட்டால் ஓராண்டு வரை உள்ளே வைத்திருக்கலாம்.

விசாரணையில்லாமல் குடிமக்களை அடைத்து வைப்பது என்றதும் நமக்கு ராணுவமும் முள்வேலியும்தான் ஞாபகம் வருகின்றன. வராமல் எப்படி இருக்கும்? கோடியக்கரைக்கு எதிர்க்கரையில் நடந்ததை நாம் பார்த்திருக்கிறோம். இலங்கையில் மூன்றாண்டுக்கு மட்டும் என்று சொல்லி 1979இல் கொண்டுவரப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டம் 1982இல் நிரந்தரமானது. பூசா முகாமில் தமிழ் இளைஞர்கள் ஆண்டுக்கணக்கில் கிடந்தார்கள். 2009இல் போர் முடிந்த பிறகு மெனிக் பாம் முதலான முகாம்களில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட தமிழர்கள் ராணுவக் காவலில் மாதக்கணக்கில் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் அந்நாட்டின் குடிமக்கள். அமெரிக்காவில் 2011 டிசம்பர் 31 அன்று ஒபாமா கையெழுத்திட்ட தேசியப் பாதுகாப்பு அங்கீகாரச் சட்டத்தின் 1021ஆம் பிரிவு, பயங்கரவாதிகள் என்று கருதப்படுகிறவர்களைப் போர் முடியும்வரை ராணுவக் காவலில் வைக்க இடம் கொடுத்தது. அது சொந்தக் குடிமக்களுக்கும் பொருந்துமா என்பதைத் தீர்த்துச் சொல்லவில்லை. தன் நிர்வாகம் அமெரிக்கர்களை அப்படி அடைக்காது என்று கையெழுத்தோடு ஒரு விளக்கத்தையும் சேர்த்தார் ஒபாமா. அடுத்து வருகிற நிர்வாகத்துக்கு அவர் எப்படி வாக்குக் கொடுக்க முடியும்?

நம் மாநிலத்தில் இதற்கு ராணுவம் தேவைப்படவில்லை. கோப்பும் முத்திரையுமே போதுமானதாக இருக்கின்றன. ராணுவம் வந்தால் ஊரே பார்க்கும், உலகமும் கேள்வி கேட்கும். சிரஸ்தார் எழுதி ஆட்சியர் கையெழுத்திடும் காகிதத்தை யார் பார்க்கிறார்கள்? அதனால் இதை எதிர்ப்பது கடினம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இந்தக் காகிதத்துக்குப் பூர்வீகம் வெள்ளைக்காரன் காலம். 1942 ஆகஸ்டில் திருவையாறு கொதித்தபோது முன்சீப் கோர்ட்டும் சப்ரிஜிஸ்ட்ரார் அலுவலகமும் தாக்கப்பட்டன. அன்று நாடெங்கும் ஆயிரக்கணக்கானோரை விசாரணையின்றி உள்ளே தள்ளிய ஆயுதம், இந்தியப் பாதுகாப்பு விதிகளின் 26ஆம் விதி. 1943 ஏப்ரலில் கேசவ் தல்படே வழக்கில் அந்த விதியே செல்லாது என்று ஃபெடரல் கோர்ட் சொன்னது. வைஸ்ராய் அதே மாதத்தில் ஓர் அவசரச் சட்டம் போட்டு, முன்தேதியிட்டு அதற்கு உயிர் கொடுத்தார். வெள்ளைக்காரன் போனான். காகிதம் இங்கேயே தங்கிவிட்டது. கீழத்தஞ்சையில் பண்ணையடிமை முறையை எதிர்த்த களப்பால் குப்பு, நாட்டுக்கு விடுதலை கிடைத்த மறு ஆண்டே திருச்சிச் சிறையில் இறந்தார். குடியரசாகி ஒரு மாதத்துக்குள் தடுப்புக் காவல் சட்டம் வந்தது. சென்னை மாகாணச் சிறையிலிருந்து அதை எதிர்த்து வழக்காடிய ஏ.கே.கோபாலன் 1950 மே மாதம் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். உலகின் பல ஜனநாயகங்கள் போர்க்காலத்துக்கு மட்டும் ஒதுக்கிவைத்த ஓர் அதிகாரத்தை நம் அரசமைப்புச் சட்டம் 22ஆம் கூறில், அதுவும் அடிப்படை உரிமைகள் பகுதிக்குள்ளேயே வைத்திருக்கிறது.

டெல்டாவில் அந்தக் காகிதத்தின் நிழல் பெரிதாக விழுந்த ஆண்டு 2017. ஜூன் 30 அன்று, குத்தாலத்துக்கு அருகிலுள்ள கதிராமங்கலத்தில் வயலுக்கடியில் போகும் ஓஎன்ஜிசி குழாய் உடைந்து எண்ணெய் கசிந்தது. ஊரார் கேட்டது, ஆட்சியர் நேரில் வந்து பார்க்க வேண்டும் என்பது. மறியல் நடந்தது. வழியில் போட்டிருந்த வைக்கோலும் முள்ளும் தீப்பற்றின. யார் வைத்த தீ என்பதில் இரு தரப்பும் ஒருவரையொருவர் கைகாட்டினார்கள். தடியடி நடந்தது. மீத்தேன் திட்ட எதிர்ப்புக் கூட்டமைப்பின் பேராசிரியர் த.செயராமன் உள்ளிட்ட பத்துப் பேர் திருச்சி மத்திய சிறைக்குப் போனார்கள். ஜாமீன் ஆகஸ்டில்தான் கிடைத்தது.

அது சாதாரணச் சட்டப்படியான கைது. வழக்கு எண் உண்டு, ஜாமீன் கேட்க ஒரு கோர்ட் உண்டு. கதிராமங்கலத்துக்கும், எரிவாயு எடுப்பதை எதிர்த்த நெடுவாசலுக்கும் ஆதரவாகச் சேலத்தில் துண்டறிக்கை கொடுத்த இதழியல் மாணவி வளர்மதிக்கு அதுவும் கிடைக்கவில்லை. ஜூலை 12 அன்று கைது, ஐந்தே நாளில் குண்டாஸ். சட்டமன்றத்தில் அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி அதை நியாயப்படுத்தினார். மெரினாவில் ஈழத்தில் மாண்டவர்களுக்காக மெழுகுவத்தி ஏற்றப் போன திருமுருகன் காந்தி ஏற்கெனவே அதே சட்டத்தில் உள்ளே இருந்தார். இருவரும் சிறையில் இருந்தபோதுதான், ஆகஸ்ட் 24 அன்று, தனியுரிமை தொடர்பான புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. நெருக்கடிநிலையில் விசாரணையின்றி அடைக்கப்பட்டவருக்கு நீதிமன்றக் கதவைத் தட்டும் உரிமைகூட இல்லை என்று சொன்ன 1976ஆம் ஆண்டு ஜபல்பூர் தீர்ப்பு தவறு என்று அங்கே பிரகடனம் செய்யப்பட்டது. டெல்லியில் வாழ்த்துச் செய்திகள் பறந்தன. துண்டறிக்கை கொடுத்த பெண் அன்றிரவும் சிறையில்தான் படுத்தார். செப்டம்பரில் உயர் நீதிமன்றம் இரண்டு ஆணைகளையும் ரத்துசெய்தது.

மூன்றாண்டுகூட ஆகவில்லை. 2020 பிப்ரவரியில் அதே பழனிசாமி அரசு காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் இயற்றியது. ஓடிக்கொண்டிருந்த கிணறுகளை அது தொடவில்லை என்பது வேறு விஷயம். ஆனால் புதிதாக எண்ணெய், எரிவாயு எடுக்கக் கூடாது என்ற கோரிக்கை 2017இல் பொது ஒழுங்குக்குக் குந்தகமாக இருந்தது. 2020இல் சட்டப் புத்தகத்தில் ஏறியது. இடையில் சிறையில் கழிந்த நாள்களை யார் கணக்கில் எழுதுவது?

இதை ஒரு கட்சியின் தலையில் கட்ட எனக்கு விருப்பமில்லை, நியாயமும் இல்லை. 1976 ஜனவரி 31 அன்று திமுக ஆட்சி கலைக்கப்பட்டதும், தடுப்புக் காவல் சட்டமான மிசாவில் அடைக்கப்பட்டவர்கள் அக்கட்சியினர். சென்னை மத்திய சிறையில் அடிவாங்கிய சிட்டிபாபு அடுத்த ஆண்டு இறந்துபோனார். பெயருக்கு முன்னால் ‘மிசா’ என்று போட்டுக்கொள்வது இன்றும் அந்தக் கட்சியில் ஒரு பட்டம். மிசாவில் அடிபட்ட மு.க.ஸ்டாலின் முதல்வராக இருந்த 2023 நவம்பரில், செய்யாறு சிப்காட் விரிவாக்கத்துக்கு நிலம் தரமாட்டோம் என்று போராடிய மேல்மா விவசாயிகள் ஏழு பேர்மீது குண்டாஸ் பாய்ந்தது. கூச்சல் பெரிதானதும் ஆறு பேர் மீதான ஆணையை அரசே திரும்பப் பெற்றது. சில நாளில் திரும்பப் பெறும் அளவுக்குத்தான் அந்த ஆபத்து இருந்தது என்றால், முதலில் ஆட்சியர் அடைந்த திருப்தி எத்தகையது?

சாராயம் காய்ச்சுகிறவனையும் கூலிக்குக் கொலை செய்கிறவனையும் வேறெப்படி அடக்குவது என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கேள்வியை நான் அலட்சியம் செய்யவில்லை. கள்ளச்சாராய வியாபாரி உள்ளே போனபோது நிம்மதியாக மூச்சுவிட்ட பெண்கள் எங்கள் கிராமங்களிலும் உண்டு. கொள்ளிடத்தில் மணல் அள்ளுகிறவர்கள்மீது இந்தச் சட்டம் பாய வேண்டும் என்று விவசாயிகளே மனுக் கொடுப்பதும் உண்டு. ஆனால் மணல் திருட்டுக்கும் கொலைக்கும் தண்டனைச் சட்டம் இருக்கிறது. சாதாரணச் சட்டத்தால் சமாளிக்கக்கூடியதற்குத் தடுப்புக் காவலை எடுப்பது சட்டவிரோதம் என்று தமிழ்நாட்டு வழக்கிலேயே, 2011ஆம் ஆண்டின் ரேகா தீர்ப்பில், உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதற்குப் பிறகும் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் சிறைப் புள்ளிவிவரங்களில் தடுப்புக் காவல் கைதிகள் எண்ணிக்கையில் நம் மாநிலம் தொடர்ந்து முன்வரிசையில் நிற்கிறது. 2014இல் சட்டத்தைத் திருத்தி, முதல் முறை குற்றஞ்சாட்டப்பட்டவரையும் பிடிக்கலாம் என்று வேறு ஆக்கினார்கள்.

இந்தச் சட்டம் வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் ஆணை வரும்போது ஆள் ஏற்கெனவே ஏதோ ஒரு வழக்கில் ஜெயிலில் இருப்பார். ‘இதேபோன்ற வழக்கில் வேறொருவருக்கு ஜாமீன் கிடைத்திருக்கிறது, ஆகவே இவருக்கும் கிடைக்கலாம்’ என்பது ஆணையில் திரும்பத் திரும்ப வரும் வாசகம். அதாவது, கோர்ட் ஜாமீன் கொடுத்துவிடக்கூடும் என்பதே அடைப்பதற்குக் காரணம்! கூடவே நூற்றுக்கணக்கான பக்கங்களில் ஒரு கட்டு வரும். ஆணையைப் பரிசீலிக்கும் அறிவுரைக் கழகத்தின் முன்னால் வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமை கிடையாது. குடும்பத்தார் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனுப் போடுவார்கள். வக்கீல் அந்தக் கட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டுவார், குற்றமற்றவர் என்பதற்கான ஆதாரத்தைத் தேடி அல்ல: எந்தப் பக்கம் மங்கலாக இருக்கிறது, எந்த ஆவணத்துக்குத் தமிழாக்கம் இல்லை, மனுவைப் பரிசீலிக்க அரசு எத்தனை நாள் தாமதித்தது என்று. அப்படி ஓர் ஓட்டை கிடைத்தால் ஆணை ரத்தாகும், மாதங்கள் கழித்து. அந்த ஆள் உண்மையில் ஆபத்தானவரா என்ற கேள்விக்குள் பெரும்பாலும் யாரும் போவதில்லை. ரத்தான ஆணைக்காக எந்த அதிகாரியின் பதவி உயர்வும் நின்றதாக நான் கேள்விப்பட்டதில்லை.

ஓராண்டு என்ற வரம்புகூட இல்லாத காவலைப் பார்க்க வேண்டுமென்றால் கல்லணை வழியாகத் திருச்சிக்குப் போனால் போதும். வெளிநாட்டவர் தொடர்பான சட்டத்தின் கீழ் ஈழத் தமிழர்களை வைத்திருக்கும் சிறப்பு முகாம் அங்கே இருக்கிறது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2022 நவம்பரில் விடுவித்த சாந்தன் அங்கேதான் கொண்டுபோகப்பட்டார். ஊர் திரும்பும் ஏற்பாடுகள் நடந்துகொண்டிருந்தபோதே 2024 பிப்ரவரி 28 அன்று சென்னை அரசு மருத்துவமனையில் இறந்தார். அவர் இந்தியக் குடிமகன் இல்லை. ஆனால் குடியுரிமை இல்லாதவரிடம் பழகிய கை, குடிமக்களிடம் வரும்போது தயங்குமா என்பது சந்தேகம்தான்.

செய்யக்கூடியது ஒன்று ரொம்ப காலமாக டெல்லியில் தூங்குகிறது. நெருக்கடிநிலை முடிந்த சூட்டோடு 1978இல் நிறைவேறிய 44ஆவது திருத்தத்தின் 3ஆம் பிரிவு, அறிவுரைக் கழகத்தின் ஒப்புதல் இல்லாமல் ஒருவரை வைத்திருக்கும் காலத்தை மூன்று மாதத்திலிருந்து இரண்டாகக் குறைக்கிறது. கழகத்தை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியின் பரிந்துரைப்படி அமைக்கச் சொல்கிறது. நாடாளுமன்றம் நிறைவேற்றி, குடியரசுத் தலைவர் ஒப்புதலும் பெற்ற அந்தப் பிரிவை நடைமுறைக்குக் கொண்டுவரும் அரசிதழ் அறிவிப்பை ஜனதா, காங்கிரஸ், பாஜக என எந்த அரசும் வெளியிடவில்லை. 1982ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தும் முயற்சியைத் தொடங்கவோ டெல்லிக்காகக் காத்திருக்க வேண்டாம். வக்கீலை அனுமதிக்கவும், போராட்ட வழக்குகளை விலக்கவும் சென்னைக் கோட்டையே முடிவெடுக்கலாம்.

2024 தேர்தலில் தஞ்சாவூர் திமுகவை அனுப்பியது, மயிலாடுதுறை காங்கிரஸை, நாகப்பட்டினம் இந்திய கம்யூனிஸ்ட் கட்சியை. ஒரு கட்சி மிசாவில் அடிபட்டது, ஒன்று மிசாவைப் போட்டது, ஒன்றின் தோழர்கள் 1948 முதலே அடைபட்டுக் கிடந்தவர்கள். அரசிதழ் அறிவிப்பு எப்போது வரும் என்று மக்களவையில் மூவரும் சேர்ந்து ஒரு கேள்வி எழுதிக் கொடுக்கலாம்.