ஊருக்கு ஒரு மரக்கால்

என் அப்பாவின் சிநேகிதர் ஒருவர் தஞ்சாவூர்க்காரர். விவசாய இலாகாவில் ரிட்டயர் ஆனவர். டெல்டா கிராமங்களில் பெரியவர்களைப் பிடித்து, மறைந்துகொண்டிருந்த நெல் ரகங்களைப் பற்றிக் கேட்டு எழுதி, 2003-ல் ஒரு டி.டி.பி. சென்டரில் கொடுத்து டைப் அடித்து வைத்திருந்தார். போன மாதம் அந்த சி.டி.யை நீட்டினார்.

"தம்பி, புஸ்தகமாப் போடலாம்னு இருக்கேன். கொஞ்சம் திறந்து பாரு."

திறந்தேன். மாப்பிள்ளைச் சம்பாவும் இல்லை, காட்டுயானமும் இல்லை. பக்கம் பக்கமாக ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும்.

"கையெழுத்து நோட்டு இருக்கா மாமா?"

"டைப் அடிச்சாச்சேன்னு கவனிக்கலை. கரையான் தின்னுடுச்சு."

உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருக்கும். "கம்ப்யூட்டர்ல கோளாறு சார்" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். நம்பாதீர்கள். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் யுனிகோட் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரிந்தது உண்மை. கண்ட்ரோல் பேனலில் ஒரு டிக் அடித்து, விண்டோஸ் சி.டி.யைப் போட்டால் சரியாகிவிடும். அது கம்ப்யூட்டரின் குறை, தீர்ந்துவிட்டது. இது நம்முடைய குறை. இன்னும் தீரவில்லை.

பாமினி ஃபாண்டில் ‘தமிழ்’ என்று அடித்தால், ஃபைலில் பதிவாவது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. அதற்குத் தமிழ் வேஷம் கட்டிவிடுவதுதான் ஃபாண்டின் வேலை. ஃபாண்ட் இல்லாவிட்டால் வேஷம் கலைந்துவிடும். வேறு கம்பெனி ஃபாண்டில் வேறு கணக்கு. அந்தக் காலத்து மிராசுதார் வீட்டில் வாங்க ஒரு மரக்கால், கொடுக்க ஒரு மரக்கால் என்பார்களே, அந்தக் கதைதான்.

மரக்காலுக்கு 1956-ல் சட்டம் போட்டு, கிலோ, லிட்டர் என்று முடிவு கட்டினோம். எழுத்துக்கு? யுனிகோடில் தமிழுக்கு 1991-லேயே இடம் கிடைத்தாயிற்று. நம் அரசாங்கமோ 1999-ல் மாநாடு கூட்டி, டாம், டாப் என்று இரண்டை அறிவித்தது. 2010-ல் யுனிகோட், டேஸ்-16 என்று மறுபடி இரண்டு!

"பேஜ்மேக்கர்ல யுனிகோட் வராது சார்" என்பார் டி.டி.பி.காரர். வராதுதான். அந்த சாஃப்ட்வேரின் கடைசிப் பதிப்பு வந்ததே 2001-ல். அவரையாவது மன்னிக்கலாம், பிழைப்பு. கருத்தரங்கக் கட்டுரையை இன்ன ஃபாண்டில்தான் அனுப்ப வேண்டும் என்று சுற்றறிக்கை விடுகிற தமிழ்ப் பேராசிரியர்களை?

நான் பி.காம். படித்தவன். எழுதியவர் மட்டுமே படிக்க முடிகிற பேரேடு, பேரேடே அல்ல என்று முதல் வருஷத்திலேயே சொல்லிக் கொடுத்துவிட்டார்கள்.

மாமாவின் ஃபைல் பிழைத்தது. பாமினி என்று கண்டுபிடித்து, ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டு, இலவச மாற்றி ஒன்றில் போட்டு யுனிகோடாக்கினேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகச் சரிபார்த்தார். உங்கள் பழைய ஃபைல்களுக்கும் இதைச் செய்துவிடுங்கள், எந்த ஃபாண்ட் என்று சொல்ல ஆள் இருக்கும்போதே. இனி எங்கே டைப் அடிக்கக் கொடுத்தாலும், "யுனிகோடில் கொடுங்கள்" என்று கேட்டு வாங்குங்கள். நெல் உங்களுடையது. மரக்கால் மட்டும் ஏன் அடுத்தவருடையதாக இருக்க வேண்டும்?