கடி வாங்கும் கைகள்

நாய்களுக்கு முடிவெட்டிக் குளிப்பாட்டும் கடையில் வேலை பார்க்கும் அந்தத் தம்பியின் இடது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தழும்புகள். பல பழையவை, வெளுத்துப்போனவை. கட்டைவிரலுக்குக் கீழே இருந்தது மட்டும் புதிது. தையல் போட்ட இடம் இன்னும் சிவந்திருந்தது. எங்கள் பஞ்சுவை மேசைமேல் நிறுத்தி, அதன் காதுக்குப் பின்னால் விரல்விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது எந்த நாய் கடிச்சது தம்பி? ராட்வீலரா?"

"இல்லக்கா. டாஷண்ட். நகம் வெட்டும்போது."

பஞ்சு ஆறு வயது ஷி ட்சு. வெள்ளை முடி, அதனால் அந்தப் பெயர். "காதுக்குப் பின்னாடி முழுக்க சிக்குக்கா. அக்குள்லயும் இருக்கு. சீப்பு போகாது, மழிக்கணும்" என்றார் தம்பி. தினமும் சீவுகிறேனே என்றேன். சீவியது உண்மை. ஆனால் முதுகிலும் வாலிலும் மட்டும். மேல்முடியில் சீப்பு வழுக்கிக்கொண்டு போக, அடியில் தோலோடு ஒட்டி முடி கம்பளித்துண்டுபோல இறுகியிருந்தது. குளிப்பாட்டிவிட்டுத் துண்டால் துவட்டி அப்படியே விட்டுவிடுவேன். சீவாமல் ஈரத்தோடு விட்டால் சிக்கு இன்னும் இறுகும் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

சிக்கு பிடித்த நாய் ஒவ்வோர் அடி எடுத்து வைக்கும்போதும் அதன் தோல் இழுபடுகிறது. உள்ளே காற்றுப் போகாது. சென்னைப் புழுக்கத்தில் அந்த ஈரத்தில் புண் வரும், உண்ணி அடையும். மழிக்கும்போது தோலும் சிக்கோடு மேலே எழும்பி வருவதால் பிளேடு பட்டுவிடக்கூடும். பஞ்சு அன்று முதல்முறையாகப் பல்லைக் காட்டியது. தம்பி கையை எடுத்துக்கொண்டு, அதன் மூச்சு சீராகும்வரை நின்றார். பிறகு மறுபடி தொட்டார். முடிந்ததும் இரண்டு காதையும் சேர்த்துத் தலையைச் சுற்றி மெல்லிய துணி ஒன்றைத் தளர்வாகக் கட்டினார். நாள்கணக்கில் இறுகிக் கிடந்த காதுமடலில் சட்டென்று ரத்தம் பாயும்போது நாய் தலையை உதறிக்கொண்டே இருக்குமாம். அதில் மடலுக்குள் ரத்தம் கட்டிக்கொள்ளும். நான் செய்து வைத்த வினைக்கு அவர் இவ்வளவு பார்க்க வேண்டியிருந்தது.

மூன்று மணி நேரம் அந்தக் கடையில் உட்கார்ந்திருந்தேன். எந்த நாய் கஷ்டம் என்று கேட்டதற்கு அவர் யோசிக்கவேயில்லை. "ஹஸ்கி. கடிக்கிறதுக்காகச் சொல்லலக்கா. கத்தும்."

சொல்லி வைத்ததுபோல் ஒரு ஹஸ்கி வந்தது. நகத்தில் கட்டர் படுவதற்கு முன்பே ஊளையும் அலறலும் கலந்த ஒரு குரல் எழுப்பியது. தெருவில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அதன் உடம்பில் இரண்டு அடுக்கு முடி. மேலே நீளமான காவல்முடி, அடியில் பஞ்சுபோல் நெருக்கமான உள்முடி. சைபீரியாவின் சுக்சி மக்கள் பனியில் வண்டி இழுக்க வளர்த்த இனம் அது. 1925இல் அலாஸ்காவின் நோம் நகரில் தொண்டை அடைப்பான் பரவியபோது, ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பனிப்பாதையில் தொடர் ஓட்டமாக மருந்தைக் கொண்டுசேர்த்தவை இந்த வகை நாய்கள்தான். அந்த ஓட்டத்தின் நாயகர்களான டோகோவுக்கும் பால்டோவுக்கும் உயிர் காத்த உடுப்பு, இங்கே சென்னையில் மூன்றாம் மாடி வீட்டில் நாயை வேகவைக்கிறது. பருவம் மாறி உள்முடி கழலும்போது ப்ளோயரை வைத்தால் அறை முழுக்க முடி பறக்கிறது. ஒரு ஹஸ்கியை முடிக்கிற நேரத்தில் இரண்டு மூன்று லேப்ரடாரை முடித்துவிடலாம் என்றார்.

கோடை வந்தால் ஹஸ்கியை "மொட்டை அடிச்சுடுங்க" என்று கேட்டு வருவார்கள். கூடாது. ஒட்ட மழித்தால் காவல்முடி சில நாய்களுக்குச் சரியாக வளர்வதில்லை, திட்டுத்திட்டாக நின்றுவிடும். வெயில் நேராகத் தோலில் விழும். கழன்ற உள்முடியைச் சீவி எடுத்துக் காற்றோட்டம் உண்டாக்குவதே வழி. "மாட்டேன்னு சொன்னா வேற கடைக்குப் போயிடுறாங்கக்கா" என்றார். 2024இல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை, நம் தட்பவெப்பத்துக்கு ஒவ்வாத இனங்களைப் பட்டியலிட்டு அவற்றை இங்கே பெருக்கக் கூடாது என்றது. ஹஸ்கி, சௌ சௌ, செயின்ட் பெர்னார்ட், பக் எல்லாம் அதில் இருந்தன. சரியான பட்டியல் என்பேன். வளர்ப்பவர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

சௌ சௌ வேறு மாதிரி. கருநீல நாக்கு, சிங்கத்தின் பிடரி, உள்ளே புதைந்த சிறு கண்கள். கண் அப்படி இருப்பதால் பக்கவாட்டில் நடப்பது அதற்குச் சரியாகத் தெரியாது. பக்கத்திலிருந்து கை நீண்டால் திடுக்கிடும். உறுமி எச்சரிக்கும் நாயைத் தம்பிக்குப் பிடிக்கும். அசையாமல் நின்று சட்டென்று திரும்பும் நாயிடம்தான் பயம். சௌ சௌ வந்தால் முகத்துக்கு நேரே நின்று, பேர் சொல்லி, பிறகுதான் சீப்பை எடுப்பாராம்.

அந்தத் தையல் கதைக்கு வருகிறேன். நம் மனத்தில் கடிநாய் என்றால் பெரிய நாய். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஆயிரக்கணக்கான நாய் வளர்ப்பவர்களிடம் கேட்டு 2008இல் வெளியிட்ட ஆய்வில், மனிதர்மீது பாய்வதில் முன்வரிசையில் நின்றவை டாஷண்டும் சிவாவாவும். சின்ன நாய் பல்லைக் காட்டினால் நமக்குச் சிரிப்பு வருகிறது. தூக்கி வைத்துக்கொண்டு கொஞ்சுகிறோம். பெரிய நாயிடம் ஒரு நாளும் பொறுக்காததைச் சின்னதிடம் ஆறேழு வருடம் பொறுத்துப் பழக்கிவிடுகிறோம். டாஷண்டுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. வளைக்குள் புகுந்து பேட்ஜரை விரட்டுவதற்காக ஜெர்மனியில் உருவான நாய். நீள முதுகு, குட்டைக் கால். முதுகெலும்பின் வட்டுகள் பிதுங்கும் நோய் இந்த இனத்தில் அதிகம். அந்த நோய் இருந்தால், நகம் வெட்டக் காலைப் பக்கவாட்டில் இழுக்கும்போது முதுகில் வலி மின்னலாய் வெட்டும். அது கடிப்பது வலியால். தூக்கும்போதும் மார்பையும் பின்புறத்தையும் சேர்த்து ஏந்தித்தான் தூக்க வேண்டும்.

தம்பியைக் கடித்த நாய்க்கு முதுகு வலி இருந்திருக்கிறது. வேறு இரண்டு கடைகளில் கடித்து, அவர்கள் திருப்பி அனுப்பியும் இருக்கிறார்கள். கொண்டுவந்தவர் இரண்டையும் சொல்லவில்லை. கேட்டபோது "ரொம்ப சாது" என்றாராம். நாலு தையல். கத்தரிக்கோல் பிடிக்க முடியாமல் மூன்று வாரம் வீட்டில் இருந்தார். அவருக்கு மாதச் சம்பளம் கிடையாது. செய்த வேலைக்குத்தான் காசு. கடி வாங்குவதற்கு முன்பே வெறிநாய்க்கடித் தடுப்பூசியைத் தன் செலவில் போட்டுக்கொண்டவர் அவர். கடித்தபின் மறுபடியும் போய்ப் போட்டுக்கொண்டார். நாயின் தடுப்பூசி அட்டையைக் கேட்டால் முகம் சுளிப்பவர்களை நினைத்து எனக்கு ஆத்திரமாக வந்தது. வந்துவிட்டால் உயிர் பிழைப்பதே அரிதான நோய் அது. அட்டையை எடுத்து நீட்டுவதில் நமக்கு என்ன குறைந்துவிடும்?

பக், ஃபிரெஞ்ச் புல்டாக், எங்கள் பஞ்சு போன்ற சப்பை மூக்கு நாய்கள் பெரும்பாலும் கடிப்பதில்லை. ஆனால் தம்பி மிகவும் பயப்படுவது இவற்றின் உயிருக்காகத்தான். நாய் மூச்சிரைத்துத்தான் உடம்புச் சூட்டைத் தணிக்கும். மூக்கே குறுகிப்போன நாயைச் சூடான ப்ளோயர்முன் நிறுத்தினால், பயத்தில் இரைத்து இரைத்து மயங்கிவிழக்கூடும். கழுத்தை இறுக்கிப் பிடித்தால் கண் பிதுங்கி வெளியே வந்துவிடுவதும் உண்டு. பஞ்சுவைக் குளிர்ந்த காற்றில், நடுவில் நிறுத்தி நிறுத்திக் காயவைத்தார். அதனால்தான் மூன்று மணி நேரம்.

நாட்டு நாய் வருமா என்று கேட்டேன். "ராஜபாளையம் ஒண்ணு வந்துச்சுக்கா. முடி வேலையே இல்ல. ஆனா வேத்தாள் தொட்டா விடாது. வளக்கறவரையே பக்கத்துல நிக்கச் சொல்லிக் குளிப்பாட்டினேன்." 2005இல் இந்திய அஞ்சல்துறை தபால்தலை வெளியிட்டுக் கௌரவித்த நாலு நாய்களில் ராஜபாளையமும் ஒன்று. இந்த வெயிலுக்கென்றே அமைந்த குட்டை முடி. நாம் அதை விட்டுவிட்டுப் பனிநாயைத் தேடிப் போகிறோம்.

இத்தனை சொன்னபிறகும், இனத்தின்மேல் பழிபோட எனக்கு மனம் வரவில்லை. 2022இல் சயின்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வு, பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றிய விவரங்களை அலசியது. ஒரு நாய்க்கும் இன்னொரு நாய்க்கும் குணத்தில் இருக்கும் வேறுபாட்டில் இனத்தின் பங்கு ஏறக்குறைய 9 சதவீதம்தான் என்றது. முடியை இனம் தருகிறது. அந்த முடியைத் தொடவிடுகிற மனசு பெரும்பாலும் வீட்டில் உண்டாகிறது. குட்டிக்கு மூன்றிலிருந்து பன்னிரண்டு, பதினாலு வாரம் வரை உலகத்தை நம்பக் கற்கும் காலம். பாதத்தையும் காதையும் வாயையும் அப்போது யாரும் தொடாமல் விட்டால், ஒரு வயதில் முதல்முறை மேசையில் ஏறும்போது அதற்குத் தம்பியின் கை எதிரியின் கையாகத்தான் தெரியும்.

பஞ்சுவை நான் கொஞ்சியதற்குக் குறைவில்லை. பாதத்தை மட்டும் தொட்டதே இல்லை. இப்போது இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு கால், இரண்டு நிமிடம், கையில் ஒரு துண்டு வேகவைத்த கோழி. முதல் வாரம் காலை உருவிக்கொண்டது. இப்போது நீட்டுகிறது. சிக்கைச் சீப்பால் சோதிக்கவும் தம்பிதான் சொல்லிக்கொடுத்தார்: முடியைப் பிரித்து, தோல் தெரியும்வரை வேரிலிருந்து சீவ வேண்டும், சீப்பு எங்கே நிற்கிறதோ அங்கேதான் சிக்கு.

நாய் வளர்ப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை கடைக்குப் போகும்போது தடுப்பூசி அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள். உங்கள் நாய் யாரையாவது கடித்திருந்தால், எங்காவது வலி இருந்தால், மேசையில் ஏற்றுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். வாய்ப்பூட்டு போட வேண்டும் என்று அவர் சொன்னால் மறுக்காதீர்கள்.