இல்லறச் சோலை: பருவத்தில் சேர்ப்போம், பண்டிகையில் பகிர்வோம்



‘ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை’ என்பது பழமொழி. பெயரிலேயே இலுப்பையைத் தாங்கி நிற்கும் நம் இலுப்பூரில் இதனை ஏளனமாகச் சொல்லுதல் தகாது. இலுப்பைப் பூவில் சர்க்கரைச் சத்து உண்மையாகவே மிகுதி. கோடைத் தொடக்கத்தில் உதிரும் பூவைப் பொறுக்கி, வெயிலில் நன்கு உலர்த்திப் பானையில் மூடி வைத்தால் பல மாதங்கள் கெடாமல் இருக்கும். நம் நாட்டின் பல பகுதிகளில் வறிய மக்கள் இனிப்பை இவ்வாறே சேமித்தனர். கிடைக்கும் காலத்தில் சேர்த்து, கிடைக்காத காலத்தில் உண்ணுதல் என்னும் இல்லறப் பாடம் அந்தச் சிறு பூவில் அடங்கியிருக்கிறது.

நம் மண் வானம் பார்த்த பூமி. கண்மாய் நிறைந்தால் வாழ்வு, வறண்டால் தவிப்பு. ஆயினும் மாவட்டத்தின் கிழக்கே வடகாடு, கீரமங்கலம் பகுதிகளில் பலா செழித்து விளைகிறது. 2018 நவம்பர் 16 அன்று வீசிய கஜா புயல் அங்கே எண்ணற்ற மரங்களை வேரோடு சாய்த்தது. ஒரு பலாமரம் மீண்டும் காய்க்க எத்தனை ஆண்டுகள் காத்திருக்க வேண்டும் என்பதை அம்மக்கள் நன்கு அறிவர். அப்படிக் காத்திருந்து பெறும் பழமும், வரத்து மிகுந்த நாட்களில் விலை சரிந்து, பாதி அழுகி வீணாவதைக் காண்கிறோம். கொய்யாவும் தக்காளியும் எலுமிச்சையும் இதே கதிதான்.

இந்த இழப்பைத் தடுக்கவும், கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவிற்கு நம் கைப்பட ஒரு பரிசு ஆயத்தம் செய்யவும் வழி ஒன்றே. பருவத்தில் மலிவாகக் கிடைக்கும் பழத்தைக் கண்ணாடிப் புட்டியில் பக்குவப்படுத்தி வைத்தல் அது. தீபாவளிக்கு அடுத்த வீட்டிலிருந்து பலகாரம் வருகிறது. ரமலானுக்கு எதிர் வீட்டிலிருந்து இனிப்பு வருகிறது. நத்தார் நாளில் நாம் அனுப்பும் தட்டில் முறுக்குடனும் கேக்குடனும், நம் அடுப்பில் காய்ச்சிய ஒரு புட்டி கொய்யா ஜெல்லியும் இருந்தால் எவ்வளவு அழகு! வீட்டில் காய்ச்சும் கொய்யா ஜெல்லி உறைவது பழத்தின் இயற்கைச் சத்தினாலேயே. விலங்குப் பொருள் எதுவும் அதில் சேர்வதில்லை. ஆதலால் எந்தச் சமயத்தார் வீட்டிற்கும் தயக்கமின்றி அனுப்பலாம்.

ஆனால், ஒன்றை மறத்தல் ஆகாது. நம் வீட்டு அலமாரியில் இருக்கும் புட்டியை நாம் நாள்தோறும் பார்க்கிறோம். சிறிது மாறுபட்டாலும் எறிந்துவிடுகிறோம். பரிசாகப் போன புட்டியோ நம் கண்ணை விட்டு அகன்றது. அதனைத் திறப்பவர் முதியவராயிருக்கலாம், கருவுற்ற பெண்ணாயிருக்கலாம், சிறு குழந்தையாயிருக்கலாம். நம்மீது கொண்ட நம்பிக்கையினால் மட்டுமே அவர்கள் அதை உண்கிறார்கள். எனவே சுவையைவிட, அழகைவிட, தீங்கின்மையே பரிசின் முதல் இலக்கணம்.

புட்டியில் உணவைக் காக்கும் கலை பிரெஞ்சு நாட்டில் பிறந்தது. உணவைக் கெடாமல் காக்கும் வழி கண்டவருக்குப் பரிசு என்று அந்நாட்டு அரசு 1795-இல் அறிவித்தது. நிக்கோலா அப்பேர் என்னும் மிட்டாய் வணிகர் உணவைக் கண்ணாடிப் புட்டிகளில் இட்டு, தக்கையால் இறுக அடைத்து, கொதிநீரில் வேகவைத்துக் காத்துக் காட்டினார். 1810-இல் 12,000 பிராங்கு பெற்றார். ஏன் கெடவில்லை என்பது அவருக்கே தெரியாது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களே கேட்டிற்குக் காரணம் என்பதைப் பின்னர் லூயி பாஸ்டர் விளக்கினார்.

அந்த நுண்ணுயிர்களுள் ஒன்றைப் பற்றி ஒவ்வோர் இல்லத்தரசியும் அறிந்திருத்தல் வேண்டும். மண்ணில் வாழும் கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்பது அதன் பெயர். அதன் வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை; அவற்றை அழிக்க 121 பாகை செல்சியஸ் வெப்பம் தேவை. காற்றுப் புகாத புட்டிக்குள், புளிப்புக் குறைந்த உணவில் அவை முளைத்து, நரம்பை முடக்கும் கொடிய நஞ்சை உண்டாக்கும். நற்செய்தி என்னவெனில், புளிப்பு மிகுந்த இடத்தில் அவை முளைப்பதில்லை. புளிப்பை அளக்கும் பி.எச். கணக்கில் 4.6-க்குக் கீழே இருப்பவை இந்த நஞ்சிலிருந்து காப்புடையவை. எண் குறையக் குறையப் புளிப்புக் கூடும் என்று நினைவில் கொள்க.

எலுமிச்சை, நாரத்தை, நெல்லி, மாங்காய், புளி ஆகியவை இயல்பாகவே இந்த எல்லைக்குள் அடங்கும். கொய்யாவும் பெரும்பாலும் அடங்கும். தக்காளி எல்லைக்கோட்டில் நிற்பது. எலுமிச்சைச் சாறு சேர்த்தே புட்டியில் அடைக்க வேண்டும். பலா, வாழை, பப்பாளி ஆகியன இனிப்பு மிகுந்தும் புளிப்புக் குறைந்தும் இருப்பதால், அவற்றை வெறுமனே வேகவைத்து அடைத்தல் தகாது. நம் பாட்டிமார் உப்பும் புளியும் எண்ணெயும் தாராளமாகச் சேர்த்ததன் பொருள் இப்போது விளங்கும். எலுமிச்சை ஊறுகாய்க்குக் கிலோவுக்கு 200 கிராம் உப்பு என்பது நாக்கிற்காக மட்டும் ஏற்பட்ட கணக்கன்று. உடல் நலத்திற்கென்று உப்பைக் குறைத்துப் போட விரும்புவோர், அந்த ஊறுகாயைக் குளிர்ப்பெட்டியில் வைத்துச் சில நாட்களில் உண்டுவிட வேண்டும்.

இனி, செய்முறைக்கு வருவோம்.

ஆனி, ஆடி மாதங்களில் பலா ஜாம் செய்யலாம். கொட்டை நீக்கிய சுளைகளைச் சிறிது நீரில் வேகவைத்து மசித்துக்கொள்க. 1 கிலோ விழுதுக்கு 750 கிராம் சர்க்கரை சேர்த்து, அடிபிடியாமல் கிளறிக் காய்ச்சுக. இறுகி வரும் தறுவாயில் 5 கிராம் சிட்ரிக் அமிலத்தை, அதாவது ஏறக்குறைய ஒரு தேக்கரண்டியைச் சிறிது நீரில் கரைத்து ஊற்றுக. பலாவுக்கு இந்தப் புளிப்பு இன்றியமையாதது. அகப்பையால் எடுத்துச் சாய்த்தால் சொட்டாமல் தகடுபோல் விழுவதே பதம்.

கார்த்திகை, மார்கழியில், திருவருகைக் காலத்திலேயே, கொய்யா வந்துவிடும். முக்கால் பழுத்த கொய்யா 1 கிலோவைத் தோலோடு நறுக்கி, மூழ்கும் அளவு நீர் விட்டு, 2 கிராம் சிட்ரிக் அமிலம் சேர்த்து அரைமணி நேரம் மெல்லிய தீயில் வேகவைக்க. மெல்லிய துணியில் கட்டித் தொங்கவிட்டுச் சாற்றைத் தானே வடியவிடுக. பிழிந்தால் ஜெல்லி கலங்கிவிடும். 1 லிட்டர் சாற்றுக்கு 750 கிராம் சர்க்கரையும் இரண்டு எலுமிச்சம்பழத்தின் சாறும் சேர்த்து, மேற்சொன்ன தகட்டுப் பதம் வரும்வரை காய்ச்சுக. துணியில் தங்கிய சக்கையை வீசாமல், சல்லடையில் தேய்த்து விதை நீக்கிச் சர்க்கரையுடன் கிளறினால் குழந்தைகளுக்கு அல்வா ஆயிற்று.

அதே பருவத்தில் பெருநெல்லியும் கிடைக்கும். 1 கிலோ காயை முள்கரண்டியால் குத்தி, லிட்டருக்கு 20 கிராம் உப்பிட்ட நீரில் ஒரு நாள் ஊறவிட்டுக் கழுவி, மென்மையாகும்வரை வேகவைக்க. 1¼ கிலோ சர்க்கரையை அடுக்கடுக்காகத் தூவி ஓர் இரவு வைக்க. மறுநாள் பாகை மட்டும் வடித்துக் கொதிக்கவிட்டு, மீண்டும் காய்மேல் ஊற்றுக. மூன்று, நான்கு நாட்கள் இவ்வாறு செய்ய, பாகு தேன்போல் கெட்டியாகும். இரும்புப் பாத்திரத்தில் நெல்லி கறுத்துவிடும். எவர்சில்வர் பாத்திரமே ஏற்றது.

புட்டிகளைப் பற்றிச் சில சொற்கள். உணவு இருந்த கண்ணாடிப் புட்டிகளையே பயன்படுத்துக. மருந்தோ பூச்சிமருந்தோ இருந்த புட்டியை எவ்வளவு கழுவினாலும் தொடாதீர்கள். அடியில் துணி விரித்த பாத்திரத்தில் புட்டிகளை நீரில் மூழ்க வைத்து, 15 நிமிடம் கொதிக்கவிடுக. சூடு ஆறுமுன் எடுத்து, மரப்பலகைமேல் வைத்து, சூடான ஜாமை விளிம்புக்குச் சற்றுக் கீழே வரை நிரப்புக. குளிர்ந்த புட்டியில் கொதிக்கும் பாகை ஊற்றினால் கண்ணாடி வெடிக்கும். மூடி துருப்பிடிக்காததாய், புதியதாய் இருத்தல் நலம். மூடிய புட்டிகளை மறுபடியும் கொதிநீரில் 10 நிமிடம் வைத்தெடுத்தால் காப்பு உறுதிப்படும்.

எவற்றைப் பரிசாக அனுப்பலாகாது என்பதையும் திட்டமாகச் சொல்லிவிடுகிறேன். மீன் ஊறுகாய், இறைச்சி ஊறுகாய், எண்ணெயில் ஊறிய பச்சைப்பூண்டு, காளான், தேங்காய் சேர்ந்த துவையல், நீரில் வேகவைத்து அடைத்த பட்டாணி, பீன்ஸ் ஆகியவற்றை அலமாரியில் வைக்கும் புட்டியாக எவருக்கும் தராதீர்கள். செய்தால், குளிர்ப்பெட்டியில் வைத்து விரைவில் வீட்டிலேயே உண்டுவிடுங்கள்.

மூடி உப்பியிருந்தாலும், திறக்கையில் நுரைத்துப் பீறிட்டாலும், பூசணம் கண்டாலும், அப்படியே எறிந்துவிடுக. “நாவில் ஒரு துளி வைத்துப் பார்ப்போமே” என்னும் பழக்கம் வேண்டவே வேண்டாம்; அந்த நஞ்சுக்கு மணமும் இல்லை, சுவையும் இல்லை. புட்டி உணவு உண்டபின் கண்ணில் பொருள்கள் இரண்டாகத் தெரிதல், இமை சரிதல், விழுங்க இயலாமை ஆகியவை தோன்றினால், ஒரு நொடியும் தாமதியாமல் மருத்துவமனைக்கு விரைக.

பங்கின் விற்பனை நாளில் புட்டிகளை விலைக்கு வைக்க எண்ணும் சங்கங்களுக்கும் ஒரு சொல். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பென்சர் ஊரில் திராப்பிஸ்துத் துறவிகள் 1954 முதல் ஜாமும் ஜெல்லியும் காய்ச்சி விற்றுத் தங்கள் மடத்தைப் பேணினர். உழைப்பால் வாழ்வது நமக்கும் பெருமையே. ஆயினும் உணவு விற்பவர் எத்துணைச் சிறியவராயினும் 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டத்தை மதித்து நடத்தல் வேண்டும். உரிய பதிவைச் செய்துகொண்டே விற்பனையில் இறங்குக. ஐயம் உள்ளோர் நம் மாவட்டத்து வம்பன் வேளாண் அறிவியல் நிலையத்தையோ, தஞ்சாவூரில் உள்ள மத்திய அரசின் உணவு பதனிடும் தொழில்நுட்ப நிறுவனத்தையோ அணுகிக் கேட்கலாம்.

எகிப்தில் யோசேப்பு ஏழு வளமான ஆண்டுகளில் தானியத்தைச் சேர்த்தார். அவர் திறந்த களஞ்சியம் அவர் வீட்டாரை மட்டுமா வாழ்வித்தது? அந்நியரையும், தம்மை விற்ற சகோதரரையும் அல்லவா வாழ்வித்தது! நம் அலமாரியும் அத்தகைய சிறு களஞ்சியம் ஆகட்டும். ஐந்து புட்டி காய்ச்சினால் ஒன்றை, வீட்டில் தனித்திருக்கும் ஒரு முதியவருக்கென்று எடுத்து வையுங்கள். ஒவ்வொரு புட்டியின் மேலும் தாள் ஒட்டி, உள்ளிருப்பது என்ன, காய்ச்சிய நாள் எது, ‘திறந்தபின் குளிர்ப்பெட்டியில் வைத்து ஒரு மாதத்திற்குள் உண்க’ என்பன எழுதுங்கள். கண் மங்கிய அந்தப் பெரியவரும் படிக்கும்படி எழுத்து பெரிதாக இருக்கட்டும்.